சொல்லாமல் விட்ட வாக்கியம்



சென்ற மாதம் வகுப்பு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி சொன்னார்: "எங்க மாமா 48 நாள் விரதம் இருந்து பத்துமலையில காவடி எடுத்தாரு. அத்தைக்குக் குணமாயிடுச்சு. ஒருத்தருக்குக் குணமாகலன்னா விரதத்துல ஏதோ குறைன்னுதான் அர்த்தம்."

அதே மேசையில் ஒரு தங்கை இருந்தார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவர். அவர் அம்மா பங்குனியில் தவறிவிட்டார். கோப்பையை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

தம்பி கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பேச்சில் ஒரு ஓட்டை. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த மாதப் பாடம்.

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே தீ இருக்கிறது. நம் நியாய நூல்களின் பழைய உதாரணம் இது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும்: "புகை உள்ள இடமெல்லாம் தீ உண்டு, அடுப்படியைப் போல." இந்தப் பாலத்துக்கு வியாப்தி என்று பெயர். வாதத்தின் ஐந்து உறுப்புகளில் மூன்றாவதான உதாரணத்தில் இதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மனசுக்குள் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை!

இப்போது திருப்பிப் போடுங்கள்: "தீ உள்ள இடமெல்லாம் புகை உண்டு." சரியா? கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பைப் பாருங்கள். நெருப்பு உண்டு, புகை இல்லை. அவ்வளவு தூரம் போவானேன், வீட்டு கேஸ் அடுப்பே போதும். தீயோடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை. சொல்லாமல் ஒளிந்திருக்கும் இந்த ஈர விறகை உபாதி என்பார்கள்.

தம்பியிடம் திரும்புவோம். அவர் விட்ட வாக்கியம் இது: "குறையில்லாமல் விரதம் இருந்தால் நோய் கட்டாயம் குணமாகும், வேறு எதுவும் வேண்டியதில்லை." இதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். பாதியிலேயே தயங்கினார்.

"அத்தைக்கு மருந்தே கொடுக்கலையா தம்பி?"

"ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாங்கண்ணே."

அதோ ஈர விறகு.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரதம் இருந்தும் குணமாகாத ஒருவரைக் காட்டினால், "அவர் விரதத்துல குறை" என்று பதில் வருகிறது. குறை இருந்தது எப்படித் தெரியும்? குணமாகவில்லையே, அதனால்! செக்குமாடு சுற்றுகிற மாதிரிதான். எந்த இரும்பைக் கொண்டுவந்து காட்டினாலும் இந்தப் பேச்சு ஏற்காது. பழி மட்டும் துக்கத்தில் இருப்பவர் தலையில் விழும்.

விரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் இருக்கிறவன்தான்.

அன்றிரவே தம்பி அந்தத் தங்கைக்குப் போன் செய்திருக்கிறார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு இதை எழுதிக்கொண்டு வாருங்கள்: "அவன் கோயிலுக்கே வர்றதில்ல, அதனால அவனுக்குப் பக்தி இல்ல." விட்டுப்போன வாக்கியம் எது? அதை உடைக்க, உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள். பெயர் வேண்டாம்.