மீன் வாடை போனால் கை சுத்தமா?

பெசன்ட் நகரில் இருப்பவர்களுக்கு ஊரூர் ஒல்காட் குப்பத்து மீன் என்றால் தனி ருசி. சங்கராவோ நெத்திலியோ வாங்கி வந்து, அலசி, மசாலா தடவி, கடைசியில் எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவுகிறோம். வாடை போயிற்று. கை சுத்தமாகிவிட்டதா? இல்லை! கிருமியைப் போக்க சோப்பு வேண்டும். ‘சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா, மஞ்சள் போதாதா?’ என்பார்கள். மஞ்சளின் குணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மீன் கொழுப்போடு ஒட்டிய கிருமியைக் கழற்றி எடுப்பது சோப்பு நுரைதான்.

சரி, மீனைத்தான் கொதிக்கிற எண்ணெயில் பொரிக்கிறோமே, கிருமி செத்துப் போகாதா? செத்துப்போகும். ஆபத்து அதற்கப்புறம்தான். பொரித்த மீன் மேல் பச்சை வெங்காயம் தூவுகிறோமே, அது எந்தக் கை? வீட்டில் என்றால் மீன் அறுத்த கை. கடற்கரைக் கடையில் என்றால் சில்லறை வாங்கிப்போட்ட கை!

அமெரிக்காவில் மேரி மாலன் என்றொரு சமையல்காரி இருந்தார். 1906-ல் அவர் சமைத்த வீட்டில் 6 பேருக்கு டைபாய்டு. மேரிக்கோ காய்ச்சல், தலைவலி எதுவுமில்லை. மலத்தில் மட்டும் கிருமி இருந்தது. சூடான சமையலில் அது செத்திருக்கும், பழம் நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீம் வழியாகத்தான் பரவியிருக்கும் என்று துப்புத் துலக்கியவர் கருதினார். இனி சமைப்பதில்லை என்று சொல்லி 1910-ல் விடுதலையானவர், வேறு பெயரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமைக்கப் போக, 1915-ல் அங்கே 25 பேர் படுத்தார்கள். பாவம், தனக்கு நோயே இல்லை என்றுதான் அந்த அம்மாள் நம்பினார்.

இன்னொரு விஷயம். மீன் முள்ளோ நண்டுக் கொடுக்கோ கிழித்து, விரலில் சீழ் கட்டியிருந்தால் அந்தக் கையால் சமைக்கவே வேண்டாம். சீழிலுள்ள கிருமி குழம்பில் இறங்கி, அது சில மணி நேரம் வெளியே கிடந்தால் நஞ்சை உண்டாக்கும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்திதான்!

பக்கெட்டுத் தண்ணீரில் கையை முக்கி எடுப்பது கழுவுவதாகாது. மொண்டு ஊற்றச் சொல்லி, சோப்புப் போட்டு 20 விநாடி தேயுங்கள். நகக்கண், விரலிடுக்கு, மோதிரத்தின் அடி இவற்றை மறக்காதீர்கள். 2020-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்ட சானிடைசர், பிசுக்குள்ள கையில் சரியாக வேலை செய்யாது. கழுவிய கையை முந்தானையில் துடைக்காமல், தினம் துவைத்த துணி ஒன்றை அடுப்படியில் தனியாக மாட்டி வையுங்கள்.