புவா கும்பு பார்க்கப் போகும்போது

மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகர் குச்சிங்கில், அங்குள்ள பழங்குடியினரான இபான்களின் நெசவைப் பார்க்க நினைப்பவர்களிடம், பெரிய அரும்பொருளகங்களுக்கு முன்னால் துன் ஜுகா கோபுரத்தின் நான்காம் மாடிக்குப் போகச் சொல்வேன். 1963ஆம் ஆண்டு மலேசிய ஒப்பந்தத்தில் சரவாக் சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், இபான் தலைவர் துன் ஜுகா. அவர் பெயரில் இயங்கும் அறநிறுவனத்தின் சிறிய காட்சிக்கூடம் அங்கே இருக்கிறது. வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். தறியில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அந்த இடத்துக்கு உயிர். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. எனக்கு முதல் நாள் வீணாய்ப் போனது, இரண்டாம் நாள்தான் கண் திறந்தது.

முதல் நாள் முழுக்க அங்கே நெய்துகொண்டிருந்த பெண்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: “ஆண்ட்டி, இது என்ன உருவம்?” புவா கும்பு என்பது இபான் பெண்கள் நெய்யும் சடங்குத் துணி. செம்மண் நிறத் தளத்தில் கொக்கிகளும் சுருள்களும் நெருக்கமாக ஓடும். முதலை என்றார்கள், பாம்பு என்றார்கள், ஒரு கொடியின் பெயரைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மதியத்துக்குள் ஒரே வடிவத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்லிவிட்டார்கள். யாரோ ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

தப்பு என்னுடையது. உருவங்களுக்குப் பொருள் தேடுவது புதிதும் அல்ல. 1936இல் ஆய்வாளர்கள் ஹாடனும் லாரா ஸ்டார்ட்டும் கேம்பிரிட்ஜ் சேகரிப்பில் இருந்த இபான் துணிகளை வைத்து ஒரு நூல் எழுதினார்கள். அதில் உருவம் உருவமாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நெசவாளர்களோடு பழகி ஆராய்ந்த டிராவுடே காவின் 1996இல் வெளியிட்ட நூலில் வேறு விதமாகச் சொன்னார்: பெரும்பாலான வடிவங்களுக்குப் பெயர் என்பது அடையாளம்தான், அந்தப் பெயருக்குரிய பொருளின் படம் அங்கே இருக்க வேண்டியதில்லை. நம் சேலைக் கரைக்கு ஒரு பெயர் வைத்து அழைக்கிறோமே, அது போல.

இரண்டாம் நாள் கேள்வியை மாற்றினேன். “இதில் உங்களுக்குக் கஷ்டமான இடம் எது?” நெசவாளர்களில், அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா கைவேலையை நிறுத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அவர் காட்டியது தறியை அல்ல, நூலில் போடும் கட்டுகளை. புவாவின் கோலம் நெய்யும்போது உருவாவதில்லை. அதற்கு முன்பே பாவு நூலில் அது முடிந்துவிடுகிறது. சட்டத்தில் நீட்டிய வெள்ளைப் பாவை நாலைந்து இழைகளாகச் சேர்த்து, சாயம் ஏறக்கூடாத இடங்களில் இறுகக் கட்டுகிறார்கள். பழைய வழக்கப்படி லெம்பா என்ற செடியின் இலை நாரால் கட்டுவார்கள். இப்போது பிளாஸ்டிக் நாடாவும் பயன்படுகிறது. முதலில் சிவப்பில் தோய்ப்பார்கள். பிறகு, சிவப்பாகவே நிற்க வேண்டிய இடங்களைக் கட்டிவிட்டு அவுரி நீலத்தில் தோய்ப்பார்கள். சிவப்பின் மேல் நீலம் ஏறிக் கறுப்பாகும். கட்டுகளை அவிழ்த்தால் வெள்ளை, சிவப்பு, கறுப்பு மூன்றும் நூலிலேயே இருக்கும். வரைபடம் எதுவும் இல்லை. ஒரு முடிச்சை நகத்தால் தட்டிக் காட்டினார். அரைக்கடுகளவு தளர்ந்திருந்தால் அங்கே சாயம் கசியும், பிறகு அதற்கு மருந்தில்லை என்றார். அதுதான் அவருக்குக் கஷ்டமான இடம்.

அந்தச் சிவப்பு எங்குடு மரத்தின் வேரிலிருந்து வருகிறது. நம்மூர் நுணாவின் இனம்தான் அது. பருத்தி அதை லேசில் ஏற்காது. அதற்கு நூலைப் பதப்படுத்தும் சடங்குக்கு ஙார் என்று பெயர். இஞ்சி, உப்பு, எண்ணெய்க் கலவையில் நூலை ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் பனியிலும் பல நாள் காயப்போடுவார்கள். கலவையின் அளவு தெரிந்த பெண்ணுக்குத்தான் நெசவாளர்களில் முதலிடம். இந்தச் சடங்கைக் காயாவ் இன்டு, அதாவது பெண்களின் போர், என்று அழைக்கிறார்கள். அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. ஆண்கள் தலைவேட்டைக்குப் போன காலத்தில், கொண்டுவந்த தலையைப் பெண்கள் புவாவில்தான் ஏந்தி வாங்கினார்கள். பக்குவம் வராத பெண் வலிய கோலத்தைத் தொட்டால் நோய் வரும் என்ற அச்சமும் இருந்தது. பெரிய கோலம் கனவில் வரவேண்டும். குமாங் தேவதை காட்டவேண்டும். இதைக் கேட்டபின் அந்தத் துணிகள் முன் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை, தானாக வந்தது.

துணியைப் பார்க்கும் முறையும் அங்கேதான் பழகியது. முதலில் நடுவில் உள்ள தையலைத் தேடுங்கள். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு நெய்யும் தறியில் அகலமான துணி வராது. அதனால் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். தையலின் இரு பக்கமும் கோலம் எப்படிச் சந்திக்கிறது என்று பார்த்தாலே கை தெரியும். பிறகு உருவத்தின் விளிம்பைப் பாருங்கள். கட்டிச் சாயமிட்ட துணியில் கோடு கத்தி வெட்டியது போல இருக்காது, இறகு போலச் சற்றுக் கலைந்திருக்கும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். பழைய சாயம் வெளிச்சம் தாங்காது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வந்த அன்றே ஒரு கடையில் ‘அசல் புவா’ என்று ஒன்றை வாங்கியிருந்தேன். இரண்டாம் நாள் இரவு அறையில் அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவினேன். நூலின் ஒரு பக்கம் மட்டும் நிறம், மறுபக்கம் வெள்ளை. அச்சடித்த துணி! கட்டிச் சாயமிட்டதில் இழை முழுவதும் நிறம் ஊறியிருக்கும். ஒரே இழை நெடுக வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மாறி மாறி வரும். இரண்டு பக்கமும் ஒரே கோலம் தெரியும். கடையில் நின்றபோதே திருப்பிப் பார்த்திருந்தால் பணம் மிச்சம். பணத்தைவிட, ஒரு பெண் மாதக்கணக்கில் கட்டும் முடிச்சின் பெயரில் அதை விற்றார்களே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதே காட்சிக்கூடத்தில் உள்ள மணி அணிகலன்களை அவசரமாகப் பார்த்துவிட்டு நகராதீர்கள். நான் நகர இருந்தேன். இபான் பெண்கள் காவாய் அறுவடைத் திருநாளில் தோளை மூடி அணியும் மாரிக் எம்பாங், பொடிமணிகளால் வலைபோலப் பின்னியது. ஓரத்தில் சிவப்புக் குஞ்சங்கள் தொங்கும். இப்போது பிளாஸ்டிக் மணியிலும் வருகிறது. உள்ளங்கையில் வைத்தால் கண்ணாடி சில்லென்று கனக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. குச்சிங்குக்கு அருகிலுள்ள சந்துபோங் அகழாய்வுகளில் பழங்காலக் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கும் சிறு மணிகளை ஒரு காலத்தில் கடல் கடந்து அனுப்பிய ஊர்களில் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடும் ஒன்று என்பது நினைவுக்கு வந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்கு இன்னும் கிட்டப் போய் நின்றேன்.

முடிச்சைக் காட்டிய அந்த அம்மா இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு பழைய மாரிக்கைத் திரும்பக் கோத்துக்கொண்டிருந்தார். நூல் இற்றுப் போனால் மணிகளைக் கொட்டி, உடைந்ததற்குப் பதில் புதியது சேர்த்து மறுபடி கோப்பதுதான் வழக்கமாம். எவை பழையவை என்று கேட்டேன். ஊசி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். இது அம்மாவுடையது, இதுவும். இது அம்மாவுக்கும் முன்னால். புதிய மணிகளெல்லாம் ஒரே அளவு. பழையவை ஒன்று தடித்தும் ஒன்று சாய்ந்தும் இருந்தன. ஊசி அவற்றில் நுழையும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் மெதுவானது.