யாரும் பார்க்க வராத கட்டில்

சாந்தன்பாறை,
ஞாயிறு.

அன்புள்ள மருமகளுக்கு,

தாயி, நீ அனுப்பிய இரண்டு முதியோர் இல்லங்களின் படங்களையும் போனில் பார்த்தேன். பூந்தொட்டி இருக்கிறது, பிரார்த்தனைக் கூடம் இருக்கிறது, பளபளவென்று டைல்ஸ் தரை இருக்கிறது. கக்கூஸைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அந்த டைல்ஸ்தான் எனக்குப் பயம். ஈரக்காலோடு என் அக்கா, உன் அம்மா, அதில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால், பிறகு எழுந்து நடப்பது நிச்சயமில்லை.

இல்லத்தில் விடலாமா கூடாதா என்ற பேச்சுக்குள் நான் வரவில்லை. ஊர் பேசும், பேசட்டும். உனக்கு எர்ணாகுளத்தில் வேலை, எனக்கோ எழுபத்து நாலு வயது. ராத்திரி அவள் விழுந்தால் தூக்க என் கையில் வலுவில்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தவன் என்ற முறையில், போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்கணும் என்று மட்டும் எழுதுகிறேன்.

நீ போனதும், நன்றாக நடமாடுகிற நாலு பெரியவர்களை உன்னோடு பேச விடுவார்கள். மரியாதையாகப் பேசு. ஆனால் அவர்களை வைத்து முடிவெடுக்காதே. எழுந்து நடந்து, வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தவர்கள் எந்த இடத்திலும் ஓரளவு சமாளித்துக்கொள்வார்கள். அதே இல்லத்தில் படுத்த படுக்கையாக, பேச்சுக் குழறிப்போய், பார்க்க யாருமே வராத ஒருவர் இருப்பார். அவர் இருக்கும் அறையைக் காட்டச் சொல். நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, கைக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார். போர்வையை விலக்காதே, அது அவருடைய மானம். படுக்கைப்புண் இருக்கிறதா, யார் மருந்து வைத்துக் கட்டுகிறார்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க ஆள் யார் என்று கேள். கட்டிலருகே நின்றபடியே பதில் சொல்கிறார்களா, 'ஆபீஸ் ரூமில் பேசலாம்' என்கிறார்களா என்று கவனி. கேட்க நாதியில்லாதவரை எப்படி வைத்திருக்கிறார்களோ அதுதான் அந்த இல்லத்தின் தரம். இன்னும் சில வருஷத்தில் அக்கா படுக்கப்போவதும் அந்தக் கட்டிலில்தான்.

லைசென்ஸைப் பாராமல் இருக்காதே. கேரளத்தில் தர்மத்துக்கு நடத்துகிற இல்லங்கள் 1960-ஆம் வருஷச் சட்டப்படி வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கே ஓர்ஃபனேஜ் போர்டு என்பார்கள். மலைக்குக் கீழே போடி, தேனிப் பக்கம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரி. பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்பதைக் காகிதத்தில் உன் கண்ணால் பார்க்கணும், சுவரில் மாட்டிய ஃபிரேமைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடாதே. அந்தக் காகிதம் இருப்பதாலேயே எல்லாம் சரி என்றும், பல வருஷமாக நடக்கிறது என்பதாலேயே நல்ல இல்லம் என்றும் நினைக்காதே. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்புஜோதி ஆசிரமம் என்று ஒன்று பல வருஷமாக ஊரறிய நடந்தது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போனபோதுதான், அங்கே ஆட்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்ற புகார் நாட்டுக்குத் தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அதை வெளியே கொண்டுவந்தது எந்த வருடாந்தர சோதனையும் இல்லை. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு பெரியவரை அவருக்கு வேண்டியவர்கள் தேடிப்போனார்கள். பெங்களூருக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள், அங்கேயும் ஆள் இல்லை. விடாமல் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். அதனால் கேட்கிறேன்: எழுத்தில் உன் சம்மதம் இல்லாமல் அக்காவை வேறு இடத்துக்கு மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத வை.

அடுத்தது ராத்திரி. பகலில் எல்லா இல்லத்திலும் ஆள் நிறைய இருக்கும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்தார்கள். அது விடியற்காலை. 2023 புத்தாண்டு அன்று டெல்லி கிரேட்டர் கைலாஷில் ஒரு முதியோர் இல்லத்தில் தீப்பிடித்து இரண்டு வயதான பெண்கள் இறந்தார்கள். அதுவும் விடியற்காலை. ஒன்று ஓலைக்கொட்டகை, மற்றது பணக்காரர் வட்டாரம். ஆகையால், ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அந்த ஆள் விழித்திருக்கிறாரா படுத்துத் தூங்குகிறாரா, வெளிக்கதவுச் சாவி யார் கையில், நடக்க முடியாதவர்களை மாடியில் வைத்திருக்கிறார்களா என்று கேள். யாரையாவது கட்டிலோடு கட்டி வைக்கிறார்களா என்றும் கூசாமல் கேள். 'விழுந்துடக் கூடாதுன்னுதான்' என்று பதில் வந்தால், வேறு இல்லம் பார்.

நம் மலைக்கென்று சில விஷயங்கள் உண்டு. குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கிற பழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. அதிலிருந்து வருகிற விஷவாயுவுக்கு வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளிக்கிற வெந்நீரை யார் தொட்டுப் பார்த்து ஊற்றுகிறார்கள் என்பதையும் விசாரி. வயசான தோல் சட்டென்று வெந்துவிடும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் என்ன ஏற்பாடு, கட்டடத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிய திட்டு இருக்கிறதா, இதையும் பார். ராத்திரி நெஞ்சுவலி வந்தால் எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டால், நெடுங்கண்டம் தாலுகா ஆஸ்பத்திரி என்றோ தேனி மெடிக்கல் காலேஜ் என்றோ உடனே பேர் வரணும். போடிமெட்டுப் பாதையில் பனிமூட்டம் இறங்கினால் வண்டி ஊர்ந்துதான் போகும். பூப்பாறைப் பக்கம் யானை ரோட்டில் நின்றால் அதுவும் கிடையாது. அரிக்கொம்பன் என்ற யானையை 2023-இல் பிடித்துக்கொண்டு போனார்களே தவிர, அவன் சொந்தக்காரர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள்.

சாப்பாட்டை ருசி பார்ப்பதைவிட எடை நோட்டைப் பார். மாசம் ஒருமுறை எல்லோரையும் எடை போட்டு எழுதி வைத்திருக்கணும். மூன்று மாசத்தில் ஒருவர் ஐந்து கிலோ குறைந்திருந்தால், நோயோ, பல் இல்லாமல் மெல்ல முடியாததோ, ஊட்டிவிட ஆளில்லாததோ, ஏதோ ஒன்று காரணம். அதை அவர்கள் கவனித்தார்களா என்பது அந்த நோட்டிலேயே தெரியும். மாத்திரையும் அப்படித்தான். யாருக்கு எது, எத்தனை மணிக்கு, கொடுத்தவர் கையெழுத்து எல்லாம் இருக்கணும். மத்தியானம் மூன்று மணிக்குப் போ. கூடம் முழுக்க எல்லோரும் ஒரே மாதிரி சொக்கி உட்கார்ந்திருந்தால், தூக்க மாத்திரை டாக்டர் சீட்டோடு கொடுக்கப்படுகிறதா என்று கேட்க வேண்டியிருக்கும்.

மொழியை நீ யோசித்திருக்க மாட்டாய். அக்கா நாற்பது வருஷம் ஏலத்தோட்டத்தில் கங்காணியோடும் கடைக்காரரோடும் மலையாளம் பேசியவள்தான். ஆனால் ஞாபகம் மங்க மங்க, பிறகு கற்றுக்கொண்ட பாஷை சிலருக்கு முதலில் போகும். இப்போதே பதில் தமிழில்தான் வருகிறது. ராத்திரி ஆளாக ஜார்க்கண்டோ அசாமோ எங்கிருந்து வந்த பெண்ணும் இருக்கட்டும், அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் 'தண்ணி', 'வலிக்குது', 'ஒண்ணுக்கு வருது' இந்த மூன்றும் அந்தப் பெண்ணுக்குப் புரியணும். இதற்காகவே போடிப் பக்கத்து இல்லத்துக்கு என் மனசு கொஞ்சம் சாய்கிறது. காலையில் மழைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கிய பொம்பளை சும்மா உட்காரமாட்டாள். கீரை ஆய, பூண்டு உரிக்க விடுவார்களா என்று கேள்.

ஆதார், பாஸ்புக், பென்ஷன் காகிதம் எல்லாம் நகலாக மட்டும் கொடு. அசல் உன்னிடம் இருக்கட்டும். வெற்றுத்தாளில் கைநாட்டு எதுவும் வேண்டாம். வீடும் பத்து சென்ட்டும் பற்றி அங்கே வாயே திறக்காதே. அட்வான்ஸ் கேட்டால், திரும்பி வரும் கணக்கை எழுதி வாங்கு. குடும்பத்துக்குள் யாராவது சொத்தை எழுதித் தரச் சொன்னால், 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல். பராமரிக்காவிட்டால் 2007-ஆம் வருஷ மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் அதை ரத்து செய்ய ஆர்.டி.ஓ.விடம் போகலாம். சேர்த்த பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால் 14567 முதியோர் உதவி எண், கூச்சப்படாமல் கூப்பிடு.

நம் மலைப் பக்கத்து இல்லத்தைப் பற்றி நம் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸிடம் நான் விசாரிக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுகிறவர், எந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரை உள்ளே விடாத இல்லம் நமக்கு வேண்டாம்.

நீ வரும்போது இல்லத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகாதே. முதல் தடவை சொல்லிவிட்டுப் போனாலும், இரண்டாம் தடவை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குச் சொல்லாமல் போ. அக்காவிடம் இன்னும் நாம் முறையாகக் கேட்கவே இல்லை. அதை என் தலையில் கட்டாதே, மகள் நீதான் கேட்கணும். சம்மதித்தால் முதலில் பத்து நாள் தங்கிப் பார்க்கட்டும். அதற்குத் தனியாக என்ன வாங்குவார்கள் என்று கேட்டு எனக்குப் போன் பண்ணு. சாயங்காலம் ஆறுக்கு மேல் கூப்பிடு, பகலில் இங்கே டவர் கிடைப்பதில்லை.

அன்புடன்,
மாமா