காரைக்கால் பைக்குக்கு எந்த ஆயில்?

காரைக்கால் மாவட்டமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். திருநள்ளாறிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு, கோட்டுச்சேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, திருமலைராயன்பட்டினத்திலிருந்து கடைத்தெருவுக்கு என்று இங்கே பைக் ஓடும் ஓட்டங்களில் பெரும்பாலானவை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எஞ்சின் ஆயில் வாங்கும்போது நம்மவர்கள் நினைப்பது வெயிலை. நினைக்க வேண்டியது இந்தக் குறுகிய ஓட்டத்தை. வெயிலுக்குப் பயந்தவர் கெட்டியான ஆயிலைக் கேட்கிறார், கையில் காசிருப்பவர் விலை கூடிய ஆயிலைக் கேட்கிறார். இந்த ஊர் வண்டிக்கு வேண்டியது வேறு: கிளட்ச்சுக்கு ஒத்துவரும் ஆயில், கையேடு சொல்லும் பதம், காலம் தவறாத மாற்றம்.

முதலில் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் மற்ற எதுவும் காப்பாற்றாது. கியர் பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை பைக்கின் கிளட்ச் தட்டுகளில் படிந்தால் பிடிப்பு நழுவும். எஞ்சின் இரையும், வண்டி வேகம் எடுக்காது. அதனால்தான் 1998-இல் ஜப்பானியர்கள் பைக் ஆயிலுக்கென்றே ஜாசோ என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். பாட்டிலின் பின்பக்கம் 'எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்றிருந்தால் கியர் பைக்குக்கு. 'எம்பி' என்றிருந்தால், கிளட்ச் ஆயிலில் நனையாத ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களுக்கு. கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன்கூடை ஏற்றி வரும் எக்ஸ்எல் 100-க்குக் கியர் இல்லையே, ஸ்கூட்டர் ஆயிலே போதாதா என்று கேட்கலாம். போதாது: அதன் கிளட்ச் ஆயிலில் நனைகிற வகை. பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்எல் என்றால் பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில், அது தனிக் கணக்கு.

அடுத்தது பதம். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று பாட்டிலில் இருக்கும் எண்களில் இரண்டாவது, 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்வது. முதல் எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிதான ஊரில் முதல் எண்ணைப் பற்றி என்ன கவலை என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் எஞ்சினுக்கு, 90 டிகிரிக்குக் கீழே எல்லாமே குளிர்தான். 40 டிகிரியில் வைத்துப் பார்த்தால் 20டபிள்யூ-50 ஆயில் 10டபிள்யூ-30-ஐப் போல ஏறக்குறைய இரு மடங்கு கெட்டி. கெட்டி ஆயில் மெதுவாகத்தான் ஏறும்; செல்ஃப் அடித்தவுடன் வால்வு வரைக்கும் ஆயில் ஏறும் அந்தச் சில நொடிகளில் உலோகத்துக்குப் போதிய பாதுகாப்பு இருக்காது. நாளைக்கு ஐந்தாறு முறை நிறுத்தி எடுக்கும் காரைக்கால் வண்டிக்கு அந்த நொடிகள் மற்ற ஊர் வண்டிகளைவிட அதிகம். ஆகவே ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிக்குக் கையேட்டில் 10டபிள்யூ-30 என்றிருந்தால், சித்திரை வெயிலைச் சாக்காக வைத்து அதைக் கெட்டிப்படுத்த வேண்டாம். அந்தக் கையேட்டை எழுதியவர்கள் ராஜஸ்தானுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். கையேடே 20டபிள்யூ-50 என்று சொன்னால், தாராளமாக அதையே ஊற்றலாம்.

கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் குறைகிறதே என்று மெக்கானிக் சொல்வார். குறையும், உண்மைதான். நிறைய ஓடித் தேய்ந்து, ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்குக் கையேடு அனுமதிக்கும் பதங்களில் கூடியதைப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. புது வண்டியில் அப்படிச் செய்தால் மைலேஜ்தான் குறையும். சிந்தடிக் ஆயில் அதிக நாள் தாங்கும் என்பது அடுத்த வாதம். நெடுஞ்சாலையில் சூடேறி மணிக்கணக்காக ஓடும் வண்டிக்கு அது சரி. குறுகிய ஓட்டத்தில் கதை வேறு: பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையம் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சுட்டால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும், பத்து நிமிட ஓட்டத்தில் அதற்கு நேரமில்லை. தங்கிவிடும் ஈரமும் எரியாத பெட்ரோலும் சிந்தடிக்கையும் மினரலையும் ஒன்றுபோலவே கெடுக்கும். எனவே கையேடு சிந்தடிக் கேட்காத வண்டிக்கு, தரம் சரியான மினரல் ஆயிலை வாங்கி நேரத்தோடு மாற்றுவதே நல்லது என்பேன். ராயல் என்ஃபீல்டு போலக் கையேடே செமி சிந்தடிக் கேட்டால், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்து மாற்றச் சொல்வது இதனால்தான். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டாவிட்டாலும் குறுகிய ஓட்ட வண்டிக்கு ஆறு மாதம் போதும்: தையில் ஒன்று, ஆடியில் ஒன்று. வீண் செலவு என்பவர்கள் கிளட்ச் தட்டு மாற்றக் கூலியோடு எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளட்டும்.

வாங்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. பெட்ரோலுக்கு மாநில வரி வேறுபடுவதால் நாகப்பட்டினத்துக்காரர்கூட இங்கே வந்து டேங்க் நிரப்புகிறார். ஆயில் ஜிஎஸ்டிக்குள் வருகிறது, வரி எல்லா ஊரிலும் 18 சதவீதம்தான். காரைக்கால் என்பதால் ஆயில் பாதி விலை என்று யாராவது சொன்னால், மூடி முத்திரையையும் தயாரித்த தேதியையும் இன்னொரு தடவை பாருங்கள். 800 மி.லி., 900 மி.லி., ஒரு லிட்டர் என்று பாட்டில்கள் இருப்பதால், வண்டிக்கு வேண்டிய அளவைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

மாற்றும்போது எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் போல்ட்டைக் கழற்றி முழுக்க வடிய விடுங்கள். போல்ட் வாஷர் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். ஊற்றிய பின் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி அளவைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினாலும் கெடுதல்தான். ஐப்பசி, கார்த்திகையில் அரசலாறு பெருகித் தெருவில் தண்ணீர் நின்று, வண்டி மூழ்கியிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பாருங்கள், ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தள்ளிக்கொண்டே ஒர்க்ஷாப் போங்கள். வடித்து, புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள், அது வயலுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.