பெங்களூருக்குப் பதில் எழுதுமுன்

தொட்டியம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது உன் குரல் கம்மியிருந்ததாக அவள் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இரவில் தூங்குகிறாயா என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

தம்பி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. நடத்தை விஞ்ஞானத்தில் மேற்படிப்பை முடித்திருக்கும் உனக்கு, கைப்பேசியின் வழியாகக் கடன் கொடுக்கும் பெங்களூர் நிறுவனம் ஒன்றிலிருந்து கை நிறைந்த சம்பளத்தோடும், சென்னையில் இருந்துகொண்டு கிராமங்களில் ஆராய்ச்சி நடத்தும் ஸ்தாபனம் ஒன்றிலிருந்து அதில் கால் பங்கும் தேறாத சம்பளத்தோடும் ஒரே வாரத்தில் அழைப்பு வந்திருப்பதாகவும், பெங்களூருக்கே போவதென்று நீ ஏறக்குறைய நிச்சயித்துவிட்டதாகவும் சொன்னான். இந்தப் படிப்பில் நீ சேர்ந்தபோது, மனிதர்கள் நடந்துகொள்வதைப் பற்றிப் படிப்பதற்கு ஒரு கல்லூரியும் வேண்டுமா, வங்கிப் பரீட்சைக்குத் தயார் செய்யக்கூடாதா என்று கேட்காதவர் நம் வீட்டில் ஒருவரும் இல்லை. அன்றைக்கு உன் பக்கம் நின்று பேசியவன் நான் ஒருவன்தான் என்பதால், இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டென்று நினைக்கிறேன். முடிவு உன்னுடையது. அதில் நான் குறுக்கே வரமாட்டேன்.

அன்று உன் பக்கம் நின்றதற்கு வாத்ஸல்யம் மட்டும் காரணமில்லை. லாப நஷ்டங்களைக் கணக்கிட்டுப் பார்த்தே மனிதன் ஒவ்வொரு காரியத்தையும் செய்கிறான் என்று பொருளாதார நிபுணர்கள் நெடுங்காலம் கொண்டிருந்த நம்பிக்கையைத் தம் சோதனைகளால் அசைத்த டேனியல் கானமன் என்ற மனவியல் அறிஞர், 2002-இல் பொருளாதாரத்துக்கே நோபல் பரிசு பெற்றார். அதே வழியில் சென்ற ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் அது கிடைத்தது. 2019-இல் நம் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையிலும் இந்தச் சாஸ்திரத்துக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார்கள். இவையெல்லாம் என்னைவிட நீ நன்கு அறிந்தவை. எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டானது, ஒரு விடுமுறையில் நீ நம் திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொன்னாயே, அந்தக் கரும்பு விவசாயிகளின் ஆராய்ச்சியால்தான்.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, 2013-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கரும்புப் பணம் வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்கடையில் இருக்கும், கைமாற்றும் ஏறியிருக்கும். அந்த நாட்களில் புதிர்ப் படங்களுக்குச் சராசரி 4.35 விடைகளே சரியாகச் சொன்ன அதே மனிதர்கள், பணம் கைக்கு வந்த பின் 5.45 சொன்னார்கள். புத்தி போதாததால்தான் ஏழை ஏழையாக இருக்கிறான் என்று வயிறு நிறைந்தவர்கள் சொல்லிவந்த பேச்சுக்கு, இல்லாமைதான் இருக்கிற புத்தியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பதில் சொன்ன அந்தக் கட்டுரையை நீ படித்து முடித்தபோது, எனக்கு நம் ஊர்தான் கண்முன் வந்தது. சித்திரை வைகாசிக் காற்றில் குலைதள்ளிய பூவன் வாழை வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் நாட்களில், நம் தெருவில் எவ்வளவு விவேகிகள் எப்படிப்பட்ட காகிதங்களில் கையெழுத்திட்டார்கள் என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டவன் நான்.

இந்தச் சாஸ்திரத்தை நன்மைக்குப் பயன்படுத்தியவர்களைத் தேடி நீ தூர தேசம் போகவேண்டியதில்லை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் முசிறி. அங்கே சாலியர் தெருவில் மராச்சி சுப்புராமனின் ஸ்கோப் நிறுவனம் ஒரு பொதுக் கழிப்பறையைக் கட்டியது. மலமும் சிறுநீரும் தனித்தனியே சேரும்படி அமைத்து, உபயோகித்தபின் ஒரு கை சாம்பலைத் தூவினால் போதும், நாளடைவில் எருவாகிவிடும் என்று ஏற்பாடு. காவிரிக் கரையையும் வாய்க்கால் ஓரத்தையும் நாடியே பழகிய ஜனங்களை அதற்குள் வரச் செய்வது எப்படி? மற்ற ஊர்களில் கழிப்பறைக்குள் நுழையக் காசு வாங்குகிறார்கள். 2008 வாக்கில் இவர்கள், வந்து போகிறவருக்கு ஒரு தடவைக்கு 10 பைசா கொடுத்தார்கள். பத்துப் பைசாவுக்கு அன்றைக்கே கடையில் ஒன்றும் வாங்க முடியாது. ஆயினும், அருவருத்து ஒளித்த ஒன்றுக்கு விலை உண்டு, அது நிலத்துக்கு ஆகாரம், ஆதலால் அதைத் தருகிறவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்று எந்தப் பிரசங்கமும் சொல்ல முடியாததை அந்தச் சிறு நாணயம் சொல்லிவிட்டது. திருச்சி வாழை ஆராய்ச்சி மையம் அந்தச் சிறுநீரை நம் பூவனுக்கே இட்டுப் பரிசோதனை செய்து பார்த்தது. சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விடியற்காலையில் பெண்கள் எந்த வழியாக, எந்தக் கூச்சத்தோடு போய்வருகிறார்கள் என்பதை அருகிருந்து அறிந்தவனுக்கன்றி மற்றவனுக்கு இந்த 10 பைசா தோன்றியிருக்காது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். உன் தாத்தாவின் கதை உனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னவர்கள் பேராசையின் கதையாகவே சொல்லியிருப்பார்கள். அவர் பேராசைக்காரரல்லர். ஒரு தார் கூடுதலாகப் போய்விட்டதென்று வியாபாரி சொன்னால், எண்ணிப் பார்க்காமலே பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர். அவர் பணம் போட்டு இழந்த அந்த நிதி நிறுவனத்தின் ஏஜெண்டு ஒருநாளும் அவரிடம் பணம் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பான். மழையைப் பற்றிப் பேசுவான். தெருவில் யார் யார் சேர்ந்துவிட்டார்கள் என்பதை, ஏதோ கல்யாணச் செய்தி சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போவான். தீபாவளிக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்து, இது கம்பெனிக் கணக்கில்லை, என் சொந்தக் கணக்கு என்றான். பிறகு ஒருநாள் பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தொகை எல்லாம் அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்த மனுத்தாளை எடுத்து வைத்து, நாளை மறுநாள் முதல் வட்டி விகிதம் குறைகிறதாம், உங்களுக்குச் சொல்லாமலிருந்தால் எனக்குப் பாவம் என்று பேனாவை நீட்டினான். காற்றில் தோட்டம் சாய்ந்த வருஷம் அது. அத்தையின் கல்யாணம் தை மாதத்துக்கு நிச்சயமாகியிருந்தது. அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பதையும், ஆற்றோரத்துக் கொல்லைக்குப் பத்திரம் எழுதிய அன்று அவர் எங்களோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதையும் இங்கே நீட்டி எழுத வேண்டாம். முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எங்களுக்கு அதனால் கிடைத்தவை மனுக்களும் வாய்தாக்களும்தான்.

நீ படித்தவற்றில் ஒரு வரியும் அந்த ஏஜெண்டு படித்திருக்க மாட்டான். ஆயினும் அனைத்தையும் அறிந்திருந்தான். அண்டை வீட்டான் செய்வதை நாமும் செய்யத் துணிவது, கையில் ஒன்றை வாங்கிவிட்டால் மறுக்க வாய் வராமற்போவது, எழுதி நீட்டிய தாளைத் திருப்பிக் கொடுக்கக் கூசுவது, தவறிவிடுமோ என்ற அவசரத்தில் விசாரிக்க மறப்பது, இவற்றுக்கெல்லாம் நீ தேர்வில் பெயர் எழுதியிருப்பாய். அவன் ஒருவன், சைக்கிளில் வந்தவன், நாளுக்குப் பத்துத் திண்ணைக்கு மேல் ஏற முடியாதவன். உன்னை அழைக்கும் நிறுவனமோ ஒரே இரவில் லட்சம் பேரின் தலைமாட்டில் போய் உட்கார வல்லது. யாருடைய கையில் எந்த மாதத்தில் காசு வற்றுகிறது என்பதும் அதற்குத் தெரியும். அந்த வேளையில் மனிதனின் கவனம் சுருங்குகிறது என்று விழுப்புரத்துக் கரும்புக்காட்டிலிருந்து கற்றுக்கொண்ட நீ, பொத்தானுக்கு எந்த வர்ணம் பூசினால் அவன் யோசிக்காமல் அழுத்துவான் என்று அங்கே சொல்லிக்கொடுப்பதா?

கிழவன் பழைய காயத்தை வைத்துக்கொண்டு எல்லாரையும் சந்தேகிக்கிறான் என்று எண்ணாதே. பொய்யான அவசரத்தை உண்டாக்குதல், வேண்டாமென்பவரைக் குற்றவுணர்ச்சி கொள்ளச் செய்தல், ஓயாமல் நச்சரித்தல், சேர்வதற்கு ஒரு தொடுதலும் விலகுவதற்கு ஆயிரம் கதவுகளும் வைத்தல் என இத்தகைய தந்திரங்களில் 13 வகையைக் குறித்து, 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம் செப்டம்பரில், கைப்பேசிக் கடன் வாங்கியவர் மனம் மாறினால் அபராதமின்றித் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ள அவகாசம் அளிக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்தது. அந்த அவகாசமும் உன் சாஸ்திரம்தான். உன் தாத்தாவுக்கு மூன்று நாள் அவகாசம் இருந்திருந்தால், மூன்றாம் நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து விடுப்பெடுத்துக்கொண்டு வந்து அவரைத் தடுத்திருப்பேன்.

பெங்களூர்க்காரர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம். கந்துவட்டிக்காரனிடம் போகவேண்டியவன் நியாய வட்டிக்குக் கடன் பெறுவது தர்மமே. ஆகையால், பதில் எழுதுமுன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: கடைசிப் பக்கம் வரை வந்து, நிதானமாகப் படித்துப் பார்த்து, எனக்கு இந்தக் கடன் வேண்டாம் என்று திரும்பிப் போகிறவனை உங்கள் கணக்கில் வெற்றியாக எழுதுவீர்களா, தோல்வியாக எழுதுவீர்களா? பதில் சொல்கிறவரின் முகத்தையும் பார். முகத்தைப் படிப்பதற்கு உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சென்னை வேலையை அற்பமென்று எண்ணாதே; களத்தில் எடுக்கும் கணக்கு பொய்த்தால் இந்தச் சாஸ்திரமே பொய்த்துவிடும். நேர்மை உறுதிமொழியைப் படிவத்தின் அடியில் அல்லாமல் தலைப்பிலேயே கையெழுத்திடச் செய்தால் ஜனங்கள் பொய் சொல்வது குறையும் என்று 2012-இல் பெரும் பெயர் பெற்ற ஒரு கட்டுரை, அதன் புள்ளிவிவரங்களே புனைந்தவை என்று தெரியவந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டதை நீதான் எனக்குச் சொன்னாய். மனவியல் சோதனைகளில் 100-ஐ மறுபடி செய்து பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவையே பழைய முடிவைத் தந்தன என்று 2015-இல் அறிவித்தார்கள். நாம் மெச்சிய கரும்பு ஆராய்ச்சியைப் போன்றதே ஒன்றை அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் செய்தவர்கள் புத்தியின் கூர்மையில் வித்தியாசம் ஒன்றும் காணவில்லையாம். அதையும் நீ விருப்பு வெறுப்பின்றிப் படிக்கவேண்டும். மேடையில் பேசுகிற பண்டிதரின் சத்தியம், வெயிலில் ஒரு வீட்டு வாசலில் நின்று முதல் எண்ணை நோட்டில் எழுதுகிற உதவியாளின் சத்தியத்தைப் பொறுத்தது. அந்த இடத்தில் நம் வீட்டுப் பெண் நிற்கவேண்டும் என்பது என் ஆசை. கிழவி ஒருத்தி கேள்வியை விட்டுவிட்டுத் தன் மருமகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இடைமறிக்காதே; நீ தேடிப் போனது அதற்குள் இருக்கும். பங்குனியில் ஊருக்கு வா. வீட்டில் அரை மூட்டை நெல்லை நகர்த்த மாட்டாத இடுப்பு வலிக்காரர்கள் மதுரகாளியம்மன் தேருக்குத் தோள் கொடுக்க முண்டியடிப்பதைப் பார்த்துவிட்டு, எந்தப் புத்தகத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறதென்று எனக்குச் சொல்.

உன் கல்விக் கடன்தான் உன்னைப் பெங்களூர்ப் பக்கம் தள்ளுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. தம்பி சொல்லமாட்டான், நான் சொல்கிறேன். மேட்டுக்கொல்லைக் கற்பூரவல்லி வாழை இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. என் ஓய்வூதியமும் இருக்கிறது. தவணையை இரண்டு வருஷம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதை உபகாரமென்று எண்ணி நீ கூச்சப்பட்டால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். குழந்தாய், நீ பெங்களூருக்கே போவதென்றாலும் என் மனம் கோணாது. உன் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு நானே வந்து, அறை பார்த்து, பால்காரனுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் திரும்புவேன். நம் வம்சத்தில் உன்னைப் போல் யோசிக்கத் தெரிந்த பிள்ளை எனக்குத் தெரிந்து பிறந்ததில்லை. நீ எங்கே இருந்தாலும் அந்த இடம் விளங்கும். மேலே கடிந்து எழுதியிருப்பதாகத் தோன்றினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியப்பா

பின்குறிப்பு: வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பூவன் இரண்டு சீப்பும், பெரியம்மா இடித்த பருப்புப் பொடியும் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் தனியாகப் போய் நிற்காதே. தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு போய், அவளுக்கும் ஒரு சீப்புக் கொடு.