நம்மூர் அணில்களை இனங்காண்போம்

அணில் என்றதும் நம் எல்லோர் மனத்திலும் ஒரே உருவம்தான் தோன்றும். முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள், பஞ்சு போன்ற வால், இரு கைகளாலும் பிடித்துக் கொறிக்கும் ஒரு பழம். நமது பழைய இலக்கணமும் அணிலை அப்படித்தான் கண்டது. தொல்காப்பியத்தின் மரபியல் அணிலை மூன்று வரிகள் உடையதாகவே குறிப்பிட்டு, அதன் இளமைப் பெயர் குட்டி என்கின்றது. கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்பவற்றோடு அணிற்பிள்ளையும் தமிழர் வாயில் பிள்ளையாகிவிட்டது. இராமர் தடவியதால் முதுகில் கோடு விழுந்தது என்ற நாட்டார் கதையும் இந்த ஓர் அணிலைப் பற்றியதே.

ஆனால் குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாக மலைப்பக்கம் ஏறுகின்ற ஒருவருக்கு அணில் என்ற ஒரு சொல் போதாது. இலங்கையில் அணில் குடும்பத்தைச் சேர்ந்த ஆறு இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் இரண்டு உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவ்விரண்டும் நம்மைச் சூழ்ந்துள்ள ஈரவலயக் காடுகளையே நம்பி வாழ்பவை. எனவே, நமது பகுதியில் காணக்கூடிய அணில்களைத் தனித்தனியாக இனங்காண்பது எப்படி என்பதையும், அதனால் என்ன பயன் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

பகலில் காணும் நான்கு அணில்கள்

முதலாவது, நாம் நாள்தோறும் காணும் மூவரி அணில். சிங்களத்தில் லேனா. சாம்பல் கலந்த மண்ணிறம். முதுகில் வெண்மையான மூன்று கோடுகள் தெளிவாகத் தெரியும். நடுக்கோடு தலையிலிருந்து வால் அடிவரை ஓடும். வீட்டுக் கூரை, கொய்யா மரம், கடைத்தெரு, பாடசாலை மதில் எல்லாம் அதற்கு ஒன்றுதான். மனிதர் மரங்களை வெட்டிக் குடியேறிய இடங்களிலும் தாக்குப்பிடிக்கும். இதன் சாதிப் பெயர் ஃபுனம்புலஸ். இலத்தீன் மொழியில் அது கயிற்றில் நடக்கும் வித்தைக்காரரைக் குறிக்கும். மின்கம்பியில் அது ஓடுவதைக் கண்டவர்கள் அப்பெயரைப் பொருத்தமற்றது என்று சொல்லமாட்டார்கள். வட இந்தியாவில் இதன் உறவான ஐந்து வரி அணில் உண்டு. அது இலங்கையில் இல்லை.

இரண்டாவது, செவ்வரிக் காட்டணில். சிங்களத்தில் முகலன் லேனா, அதாவது காட்டு அணில். இதன் முதுகு ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பின் நடுவே தணல் போன்ற செம்மஞ்சள் நிறத்தில் அகன்ற ஒரு கோடு செல்லும். இருபுறமும் உள்ள கோடுகள் குட்டையானவை, மங்கலானவை. வயிற்றுப்புறம் செம்மை கலந்தது. 1840களில் இலங்கையில் வாழ்ந்த எட்கர் லேயார்ட் என்ற இயற்கை ஆய்வாளரின் பெயரை, கல்கத்தாவிலிருந்த எட்வேர்ட் பிளைத் 1849இல் இதற்குச் சூட்டினார். அழியும் ஆபத்துக்கு இலக்காகக்கூடிய இனமாக இது உலகச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

மூன்றாவது, மங்கல்வரி அணில். நான்கிலும் மிகச் சிறியது. கரும்பாசி போன்ற மண்ணிறம். கோடுகள் உண்டு, ஆனால் நிழலில் அவை இருப்பதே தெரியாது. அடர்ந்த பற்றைகளிலும் காட்டின் கீழ்த்தட்டிலும் சத்தமின்றித் திரியும். நீண்ட காலமாக இது தென்னிந்திய மலைகளில் வாழும் சிறிய அணிலின் ஓர் உப இனம் என்றே கருதப்பட்டது. 2012ஆம் ஆண்டில்தான் ரஜித் திசாநாயக்க, தட்சுவோ ஒஷிடா ஆகிய இரு ஆய்வாளர்கள் இது இலங்கைக்கே உரிய தனி இனம் என்று எடுத்துக்காட்டினர். நாம் சிறுமிகளாக இருந்த காலத்திலேயே நமது காட்டு அணில் ஒன்றுக்குத் தனி இனம் என்ற தகுதி கிடைத்திருக்கின்றது!

நான்காவது, மர அணில் அல்லது மலை அணில். சிங்களத்தில் தண்டு லேனா. மூக்கிலிருந்து வால் நுனிவரை அரை மீற்றரைத் தாண்டும். உடலில் கோடுகளே இல்லை. தமிழ்நாட்டில் இதனைச் சாம்பல் நிற அணில் என்றும் நரை அணில் என்றும் அழைப்பர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கென்றே 1988இல் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. ஆனால் சாம்பல் நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு குருவிட்டவில் தேடினால் ஏமாந்துபோவோம். இலங்கையில் இதற்கு மூன்று உப இனங்கள் உண்டு: மத்திய மலைநாட்டில் ஒன்று, உலர் வலயத்தில் ஒன்று, நமது ஈரவலயத் தாழ்நிலத்தில் ஒன்று. நம்முடையது மேலே கருமை, கீழே வெண்மஞ்சள். உலர் வலய உப இனம்தான் தமிழ்நாட்டிலும் வாழ்கின்றது. 1915இல் அதற்குப் பெயரிட்டவர்கள் 'தண்டொலேனா' என்றே வைத்தனர். நம் கிராமத்தவர் வாயிலிருந்த சிங்களச் சொல் அப்படியே விஞ்ஞானப் பெயராகிவிட்டது.

எஞ்சிய இரண்டும் பறக்கும் அணில்கள். பெரியதைச் சிங்களத்தில் ஹம்பாவா என்பர். உண்மையில் இவை பறப்பதில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையேயுள்ள தோல் மடிப்பை விரித்து, உயர்ந்த மரத்திலிருந்து தாழ்ந்த மரத்துக்கு வழுக்கிச் செல்கின்றன. இரவில் மட்டுமே நடமாடுவதால் இவற்றைக் காண்பது மிக அரிது.

கேள்வி கேட்டு இனங்காணல்

விஞ்ஞான பாடத்தில் நாம் கற்ற இணைக்கவர்ச் சுட்டியை இங்கே பயன்படுத்தலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி, அதற்கு இரண்டே விடைகள்.

1. நடமாடுவது இரவிலா, பகலிலா? இரவில், தோல் மடிப்பு விரித்துத் தாவினால் பறக்கும் அணில். பகல் என்றால் 2ஆம் கேள்விக்குச் செல்க.
2. முதுகில் கோடு உண்டா? கோடே இல்லை, உடலும் பெரிது என்றால் மர அணில். கோடு உண்டென்றால் 3ஆம் கேள்விக்குச் செல்க.
3. நடுக்கோட்டின் நிறம் என்ன? செம்மஞ்சள் என்றால் செவ்வரிக் காட்டணில். வேறு நிறம் என்றால் 4ஆம் கேள்விக்குச் செல்க.
4. கோடுகள் தெளிவானவையா? வெண்மையாகத் தெளிவாகத் தெரிந்தால் மூவரி அணில். உடல் சிறிதாகவும் கோடு மங்கலாகவும் இருந்தால் மங்கல்வரி அணில்.

இதில் ஓர் எச்சரிக்கை. நமது பகுதியில் மழைக்குக் குறைவில்லை. நனைந்த உரோமம் கறுத்துத் தெரியும். நனைந்த மூவரி அணிலைக் காட்டு அணில் என்று எண்ணிவிட இடமுண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், அது இருந்த இடம், உயரம், எழுப்பிய ஒலி ஆகியவற்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பார்க்கச் செல்லும்போது

அதிகாலையும் மாலை மங்குவதற்கு முந்திய வேளையுமே ஏற்றவை. முதலில் கண்ணைவிடக் காதுக்கு வேலை கொடுக்க வேண்டும். மூவரி அணில் வாலை உதறி உதறிக் கீச்சிடும். காற்றே இல்லாதபோது உச்சிக் கிளையொன்று மட்டும் ஆடினாலோ, பழத்தோல் துண்டுகள் மேலிருந்து விழுந்தாலோ மர அணிலைத் தேடலாம். அது இலைகளையும் குச்சிகளையும் கொண்டு உயரத்தில் கூடு கட்டும். காட்டுக்குள் பலவகைப் பறவைகள் ஒரே கூட்டமாக நகர்ந்து செல்வதைக் கண்டால் அசையாமல் நில்லுங்கள். சிங்கராஜ வனத்தில் இத்தகைய பறவைக் கூட்டங்களோடு அணில்களும் சேர்ந்து செல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும். திகதி, நேரம், இடம், மரத்தின் பெயர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன செய்துகொண்டிருந்தது ஆகிய ஆறு விடயங்களையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். வீடு வந்து எழுதலாம் என்றால் கோடுகளின் நிறம் மாறிவிடும். கல்லெறிந்து வெளியே வரவழைப்பதும் கூட்டைக் கலைப்பதும் கூடவே கூடாது. காட்டுப் பக்கம் தனியே போகாமல் பெரியவர்களோடு செல்வதும் அட்டைக்கு ஆயத்தமாகச் செல்வதும் நமது நன்மைக்கே.

நெடுங்கால உறவு

குருவிட்டவில் உள்ள பட்டதொம்பலென குகையைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கின்றோம். சிங்களத்தில் 'லென' என்றால் குகை, 'லேனா' என்றால் அணில். ஒலியில் மட்டுமே நெருக்கமான இவ்விரு சொற்களும் இந்தக் குகைக்குள் உண்மையாகவே சந்தித்திருக்கின்றன. ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மனிதர் தங்கியிருந்தனர். அவர்கள் உண்டு எறிந்த மிச்சங்களை ஆராய்ந்தபோது குரங்குகள், காட்டு நத்தைகள் ஆகியவற்றோடு அணில்களின் எலும்புகளும் கிடைத்தன. மழைக்காட்டின் உச்சியில் ஓடும் அணிலை வேட்டையாட, அது எந்த மரத்துக்கு எந்த வேளையில் வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குகைவாசிகள் நம்மைவிட நன்றாக அணில்களை அறிந்திருப்பார்கள் என்றே நினைக்கத் தோன்றுகின்றது. அவர்களுக்கு அது பசியின் கல்வி. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பெயர் தெரியாவிட்டால் என்ன?

கட்டாயம் இல்லைதான். ஆனாலும் பெயர் தெரியாமையால் நேரும் நட்டம் ஒன்று உண்டு. காடு வெட்டப்பட்டுத் தேயிலைச் சரிவாகும்போது அணில்கள் எல்லாம் ஒன்றாக மறைவதில்லை. மூவரி அணில் தங்கிவிடும். நிழலும் அடர்த்தியும் வேண்டிய செவ்வரி அணிலும் மங்கல்வரி அணிலும் திறந்த வெளியில் நிலைக்க மாட்டா. கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருக்கும் மரவரிசை அறுந்துபோனால் மர அணிலுக்குப் பாதையே இல்லாமற் போய்விடும், ஏனெனில் அது தரையில் இறங்குவது அரிது. அப்போதும் லயத்துக் கூரையில் மூவரி அணில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 'அணிலுக்கு என்ன குறைவு?' என்று நாமும் சொல்லிக்கொண்டிருப்போம். மலிந்து கிடக்கும் ஒன்று, மறைந்து போகும் இரண்டை மறைத்துவிடுகின்றது. இழந்ததையே அறியாத இழப்பு இது.

மறுபக்கத்தையும் மறுக்க முடியாது. மர அணில் தென்னங்குரும்பையையும் பழங்களையும் சேதமாக்குவது பயிர்ச் செய்கையாளருக்கு உண்மையான நட்டமே. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 5 நிமிடங்கள் நாடெங்கும் நடந்த கணக்கெடுப்பில் குரங்குகள், மயில் ஆகியவற்றோடு மர அணிலும் எண்ணப்பட்டது இதனாலேயே. ஆனால் எண்ணுவதற்கு முன் இனங்காணத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? தோட்டத்தில் ஓடியது மூவரி அணிலா, மர அணிலா? குரும்பையைத் துளைத்தது எலியா, அணிலா? இதற்கு விடை தெரியாமல் எழுதும் எண்ணிக்கையால் பயிருக்கும் பயனில்லை, விலங்குக்கும் நியாயமில்லை.

அல்லாஹ் ஆதம் (அலை) அவர்களுக்கு எல்லாப் பொருட்களின் பெயர்களையும் கற்றுக்கொடுத்தான் என்பதை அல்பகறா அத்தியாயத்தில் ஓதுகின்றோம். விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமூகங்களே என்பதை அல்அன்ஆம் அத்தியாயத்தில் ஓதுகின்றோம். மனிதனுக்குக் கிடைத்த முதற் கல்வியே பெயர்களைப் பற்றியதுதான். குருவிட்டவிலிருந்து நாம் அண்ணாந்து பார்க்கும் மலையை நமது மூத்தோர் பாவா ஆதம் மலை என்றே அழைத்து வந்தனர். அதைச் சூழ்ந்த காடு 2010ஆம் ஆண்டு முதல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் அடங்குகின்றது. அந்தக் காட்டில் வாழும் உயிர்களின் பெயர்களை அறியாமல் இருப்பது, அந்த மலையடிவாரத்தில் கல்வி கற்கும் நமக்கு அழகல்ல.

மேலே நான் எழுதிய செவ்வரிக் காட்டணில், மங்கல்வரி அணில் என்ற பெயர்கள் அவற்றின் தோற்றத்தைக் கொண்டு நான் அமைத்தவை. சிங்களக் கிராமத்தவர் தண்டு லேனா என்றும் முகலன் லேனா என்றும் பிரித்துச் சொல்கின்றனர். தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் இறப்பர் பால் வெட்டியும் வாழும் தமிழ் பேசும் மக்களிடமும் இவற்றுக்குப் பெயர்கள் இருக்கக்கூடும். அவை ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். தோழிகளே, உங்கள் வாப்பும்மாவிடமோ, உம்மும்மாவிடமோ, பக்கத்து லயத்து அப்பாயியிடமோ கேட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல பெயர் ஒன்று கிடைத்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். நான் அமைத்த பெயரை மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.