மண்வெட்டியைத் தூக்குமுன்: இறுகிய தசைகளையும் தளர்ந்த தசைகளையும் அறிந்துகொள்வோம்



சொந்தக் காணிக்குத் திரும்பியதும் கிணறு இறைக்க வேண்டும், பற்றை வெட்ட வேண்டும், இடிந்து கிடக்கும் சுவர்க் கற்களை அகற்ற வேண்டும், கொட்டில் போட வேண்டும். எல்லாமே உடம்பால் செய்யும் வேலைகள். ஆனால் அந்த உடம்பு முகாமிலும் வாடகை வீட்டிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் பல வருடங்கள் வேறு விதமாக வாழ்ந்து பழகிவிட்டது.

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் எங்கள் குழு ஓர் ஐயாவைச் சந்தித்தது. 1990 இல் ஊரை விட்டு வெளியேறியபோது அவருக்கு 25 வயது. திரும்பி வந்தபோது 50 ஐத் தாண்டிவிட்டது. “அந்த நாளில ஒரு பரப்புக் காணியைத் தனியக் கொத்தினனான்” என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியைத் தூக்கினார். மூன்றாம் நாள் காலை பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. நாரி பிடித்துவிட்டது. இரண்டு கிழமை படுக்கை. வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட வேண்டிய நாட்கள் அவை. கூலிக்கு ஆள் பிடித்ததில் வீட்டுத்திட்டத்தின் முதற்கட்டப் பணத்தில் ஒரு பகுதி போய்விட்டது.

அவர் பலவீனமானவர் அல்லர். மனது 25 வயதின் வேலையை நினைவில் வைத்திருந்தது, தசைகள் அதை மறந்திருந்தன. இந்த நிலை உங்களுக்கும் வராதிருக்கவே இந்தப் பாடம்.

தசைகள் எப்படி வேலை செய்கின்றன?

தறப்பாள் கொட்டில் போட்டவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். நடுக் கம்பத்தை இரண்டு பக்கக் கயிறுகள் நிமிர்த்திப் பிடிக்கின்றன. ஒரு பக்கக் கயிறு அதிகம் இறுகி மறுபக்கக் கயிறு தளர்ந்தால் கம்பம் சாயும். கம்பத்தைக் கையால் தள்ளி நிமிர்த்தினாலும் கையை எடுத்ததும் திரும்பச் சாய்ந்துவிடும். இறுகிய கயிற்றைத் தளர்த்த வேண்டும், தளர்ந்த கயிற்றை இறுக்க வேண்டும். இரண்டையும் செய்தால்தான் கம்பம் நிற்கும்.

எங்கள் எலும்புகள் கம்பம், தசைகள் கயிறு. பெரும்பாலான மூட்டுகளில் தசைகள் எதிரெதிர்ப் பக்கங்களில் சோடியாக வேலை செய்கின்றன. முழங்கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொன்று. தொடையை முன்னே தூக்க இடுப்பின் முன்பக்கத் தசை, பின்னே தள்ள பிட்டத்துத் தசை. ஒரு பக்கம் நெடுநாள் சுருங்கியே இருந்தால் அது இறுகுகிறது. எதிர்ப்பக்கம் வேலையில்லாமல் வலுவிழக்கிறது. இதையே தசைச் சமநிலை குலைதல் என்கிறோம்.

“நேரா நில்” என்று பிள்ளைகளை அதட்டினால் அவர்கள் அரை நிமிடம் நிமிர்ந்து நின்றுவிட்டுத் திரும்பக் கூனுவதும் இதனால்தான். அது கம்பத்தைக் கையால் தள்ளுவது போன்ற வேலை.

இடம்பெயர்ந்த வாழ்க்கை உடம்பில் செய்தவை

ஒன்று: இடுப்பு. நிவாரணத்துக்காகவும் பதிவுக்காகவும் காத்திருந்தது, சிறிய கொட்டிலுக்குள் நாள் முழுதும் இருந்தது, தையல் மெசினிலோ முச்சக்கர வண்டியிலோ உழைத்தது எல்லாமே இருந்தபடி கழிந்த நேரம். இருக்கும்போது இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கியே இருக்கும், பிட்டத் தசைக்கு வேலை இல்லை. இப்படி வருடங்கள் போனபின் எழுந்து நின்றால், இறுகிய தசை இடுப்பெலும்பை முன்னே சரிக்கிறது. அதை ஈடுகட்ட நாரி உள்வளைகிறது. பிட்டம் தூக்க வேண்டிய பாரத்தை நாரி தூக்குகிறது.

இரண்டு: தோளும் கழுத்தும். குனிந்து உள்ளே போகும் கொட்டில், நிலத்திலிருந்து சமையல், கிடுகு பின்னுதல், கைத்தொலைபேசி ஆகியவற்றால் நெஞ்சுத் தசை இறுகும், மேல்முதுகுத் தசை தளரும். தோள்கள் முன்னே வந்து தலையும் முன்னே நீளும். பின்பு கூரை வேய்வதற்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள்மூட்டில் குத்தும். மனச்சுமையும் இங்கேதான் தங்கும். கவலையிலும் பயத்திலும் நாம் அறியாமலே தோளை உயர்த்திப் பிடிக்கிறோம். கழுத்து உளைவுக்கு இதுவும் உண்மையான ஒரு காரணம், வெறும் கற்பனை அல்ல.

மூன்று: பின்தொடையும் கெண்டைக்காலும். குனியும்போது உடம்பு இடுப்பு மூட்டில் மடிய வேண்டும். பின்தொடைத் தசை இறுகியிருந்தால் இடுப்பு மடியாது, முதுகே முழுதாக வளையும். மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினால் எதுவும் தெரியாது. ஒரு காலையில் பல நூறு கொத்துகள் விழும்போது முதுகு தாங்காது.

நான்கு: ஒரு பக்கச் சாய்வு. ஒரே இடுப்பில் பிள்ளை, ஒரே கையில் தண்ணீர் வாளி, பழைய காயத்தால் ஒரு காலில் மட்டும் பாரம் விட்டு நடத்தல் ஆகியவற்றால் வலமும் இடமும் வேறுபட்டுப் போகின்றன.

கூன் விழுந்த எல்லோருக்கும் நோ வரும் என்றில்லை. நிமிர்ந்து நடப்பவருக்கு நோவே வராது என்றுமில்லை. ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதும், பழக்கமில்லாத பாரத்தைத் திடீரென ஏற்றுவதுமே அதிகம் துன்பம் தருகின்றன.

உங்களை நீங்களே பாருங்கள்

குடும்பத்தில் இருவர் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் செய்ய மற்றவர் பார்க்க வேண்டும்.

1. சுவரில் முதுகை வைத்து நில்லுங்கள். குதிக்காலைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பிட்டமும் மேல்முதுகும் சுவரில் படட்டும். நாடியை மேலே தூக்காமல் பின்தலை சுவரில் படுகிறதா? படாவிட்டால் நெஞ்சும் கழுத்தும் இறுகியிருக்கக்கூடும்.

2. பாயில் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு அணையுங்கள். மற்றக் கால் நிலத்தோடு படிந்திருக்கிறதா? தொடை மேலே எழும்பினால் அந்தக் காலின் இடுப்பு முன்தசை இறுகியுள்ளது.

3. குதிக்காலைத் தூக்காமல் குந்தியிருங்கள். முடியாவிட்டால் கெண்டைக்கால் இறுகியிருக்கலாம். முழங்கால் நோ உள்ளவர்கள் இதைத் தவிருங்கள்.

4. கதவு நிலையின் அருகில் ஒற்றைக்காலில் 10 விநாடி நில்லுங்கள். பிறகு மற்றக் காலில் நில்லுங்கள். எந்தக் கால் தள்ளாடுகிறது என்று பாருங்கள். அந்தக் காலுக்குக் கூடுதல் பயிற்சி தேவை.

தளர்த்தும் பயிற்சிகள்

ஒவ்வொன்றையும் 20 முதல் 30 விநாடி பிடித்து, இரு பக்கமும் 3 தடவை செய்யுங்கள். மூச்சை அடக்கவோ குலுக்கி இழுக்கவோ வேண்டாம். இழுப்புத் தெரியலாம், குத்தும் நோ வரக்கூடாது.

இடுப்பு முன்பக்கம்: மடித்த சாக்கின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னே வையுங்கள். ஊன்றிய பக்கப் பிட்டத்தை இறுக்கியபடி உடம்பை மெல்ல முன்னே நகர்த்துங்கள். நாரியை வளைக்காதீர்கள்.

பின்தொடை: மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தில் சாரத்தையோ துவாயையோ மாட்டி, காலை நீட்டியபடி மேலே உயர்த்துங்கள். முழங்கால் சற்று மடிந்தாலும் பரவாயில்லை.

கெண்டைக்கால்: சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிக்காலை நிலத்தில் அழுத்துங்கள்.

நெஞ்சு: கதவு நிலையில் முன்கையைச் செங்குத்தாக வைத்து, ஒரு அடி முன்னே எடுத்து வையுங்கள்.

வலுவூட்டும் பயிற்சிகள்

ஒவ்வொன்றையும் 10 தடவையில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை சிறிது கூட்டுங்கள்.

பிட்டம்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, பிட்டத்தை இறுக்கி மேலே தூக்கி, 5 விநாடி பிடித்து இறக்குங்கள். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே நாரிக்குப் பெரிய உதவி.

மேல்முதுகு: நிமிர்ந்து இருந்து, தோளைக் காதுப் பக்கம் தூக்காமல், இரு தோட்பட்டை எலும்புகளையும் பின்னே நெருக்கி 5 விநாடி பிடியுங்கள்.

தொடை: உயரமான வாங்கில் இருந்து, கைகளை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல இருங்கள்.

நாளுக்கு 15 நிமிடம் போதும். ஆனால் பலன் ஒரே நாளில் வராது. ஒழுங்காகச் செய்தால் 6 முதல் 8 கிழமைகளில் வித்தியாசம் தெரியும். காணிக்குப் போகும் திகதி தெரிந்தவுடன் தொடங்குங்கள். ஏற்கெனவே போய்விட்டவர்கள் இன்றே தொடங்கலாம்.

வேலையை எப்படிப் பழக்குவது?

முதலில் ஒரு முக்கிய விடயம். கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் பற்றை வெட்டவோ மண் கொத்தவோ வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி அறிவியுங்கள்.

முதற் கிழமையில் அரை மணித்தியாலம் கொத்தினால் அடுத்த அரை மணித்தியாலம் வேறு வேலை செய்யுங்கள். காலை வெயில் ஏறுமுன் பாரமான வேலையை முடியுங்கள். பழக்கமில்லாத வேலைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாட்களில் உளைவு கூடுவது வழமை. அது தானாகக் குறையும். அந்த நாட்களில் படுத்தே கிடக்காமல் நடந்து திரியுங்கள், ஆனால் பாரத்தைக் குறையுங்கள்.

மண்வெட்டிப் பிடி மிகக் கட்டையாக இருந்தால் முதுகு அதிகம் வளையும். உங்கள் உயரத்துக்கு ஏற்ற பிடி போடுங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை முன்கையையும் முன்காலையும் மாற்றுங்கள்.

கிணற்றில் அள்ளும்போது கட்டோடு நெருங்கி, ஒரு காலை முன்வைத்து நின்று, கையால் மட்டும் இழுக்காமல் உடம்பின் பாரத்தையும் பயன்படுத்துங்கள். ஒரு கையில் நிறைந்த வாளியைவிட இரு கைகளிலும் பாதி வாளி நல்லது. தூரம் என்றால் கானைச் சைக்கிள் கரியரில் கட்டுங்கள்.

சீமெந்துப் பை 50 கிலோ. அதைத் தனியாகத் தூக்குவது வீரம் அல்ல. இருவர் பிடியுங்கள், அல்லது பிரித்து எடுங்கள். எந்தப் பாரத்தையும் உடம்போடு அணைத்து, முழங்காலை மடித்துத் தூக்குங்கள். பாரத்தோடு இடுப்பைத் திருகாமல், பாதத்தைத் திருப்பித் திரும்புங்கள்.

கிடுகு பின்னும், தேங்காய் துருவும் அம்மாக்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடவுங்கள். பிள்ளையை இரு இடுப்பிலும் மாறி மாறி வையுங்கள். பள்ளிப் பையை இரு தோளிலும் போடப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

விசேட கவனம் தேவைப்படுவோர்

காலை இழந்தவர்கள்: முழங்காலுக்கு மேல் கால் எடுக்கப்பட்டிருந்தால் இடுப்பின் முன்தசை வேகமாக இறுகும். இறுகிவிட்டால் செயற்கைக் காலோடு நிமிர்ந்து நடப்பது கடினம். தலையணையைத் தொடைக்கீழ் வைத்துப் படுக்காதீர்கள். நாளுக்குச் சில தடவை 15 நிமிடமாவது குப்புறப் படுங்கள். முழங்காலுக்குக் கீழ் எடுக்கப்பட்டவர்கள் முழங்காலை நீட்டி வைத்திருக்கப் பழகுங்கள். செயற்கைக் கால் பொருந்தாமல் போனால் துணியைச் செருகிச் சமாளிக்காமல், அதைச் செய்த நிலையத்தில் காட்டிச் சரிசெய்யுங்கள்.

உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள்: அந்த இடத்தை உருவவோ அழுத்தவோ விடாதீர்கள். பயிற்சிக்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள்.

கர்ப்பிணித் தாய்மாரும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும்: உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

நோ மாத்திரை: மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் வேலை செய்வது, எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டு நெருப்பை விட்டுவைப்பது போன்றது. நெடுநாள் எடுத்தால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியர் சொல்லாமல் எடுக்கவே கூடாது.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• நாரி நோவோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் போக முடியாமை
• கால்களுக்கு நடுவே விறைப்பு, கால் வலுவிழந்து இழுபடுதல்
• விழுந்த பின் அல்லது அடிபட்ட பின் கடும் நோ
• நோவோடு காய்ச்சல், காரணமின்றி மெலிதல், படுத்தாலும் குறையாத இரவு நோ

முதல் இரண்டில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இவை எதுவும் இல்லாமல் நோ சில கிழமைகளுக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டி, இயன்மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அரச வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

முடிவாக

நாம் சொன்ன ஐயா இப்போது காலையில் கிணற்றடிக்குப் போகுமுன் பாயிலேயே பிட்டம் தூக்கும் பயிற்சியைச் செய்கிறார். பேரப்பிள்ளைகள் சிரித்தார்களாம், பிறகு அவர்களும் பக்கத்தில் படுத்துச் செய்தார்களாம். ஒரு பரப்பை ஒரு நாளில் அவர் கொத்துவதில்லை. ஐந்து நாளில் கொத்துகிறார், ஆறாம் நாளும் எழும்புகிறார்.

காணி பல வருடம் உங்களுக்காகக் காத்திருந்தது. இன்னும் சில கிழமை காத்திருக்கும். வீட்டைக் கட்டி எழுப்பப்போகும் உடம்பை முதலில் கவனியுங்கள்.

இன்று செய்ய வேண்டியது: குடும்பமாகச் சேர்ந்து மேலே உள்ள நான்கு பரிசோதனைகளையும் செய்து, யாருக்கு எது இறுகியுள்ளது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 6 கிழமைக்குப் பின் திரும்பச் செய்து ஒப்பிடுங்கள்.